கிரீஸில் பத்து இரவு: எத்தனை தீவு தாங்கும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். சென்னையிலிருந்து ஐந்து பேர்: நீங்கள், மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மா. மே மாதப் பள்ளி விடுமுறையில் பத்து இரவுகள். ஏதென்ஸ், டெல்ஃபி, மிக்கோனோஸ், சாண்டோரினி, கிரீட், ரோட்ஸ் என்று ஆறு இடங்களை எழுதி வைத்திருக்கிறீர்கள். கப்பலா விமானமா, கார் எடுக்கலாமா, சுத்த சைவமான அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பவை மற்ற கேள்விகள்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு இடம் நடக்காது. நடத்திவிடலாம் என்று சொல்லிப் பயணத் திட்டம் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். அதில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் துறைமுகங்களையும் விமான நிலையங்களையும்தான்.

வரைபடத்தில் ஏஜியன் கடலைப் பார்த்தால் தீவுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கப்பல்கள் தீவுக்குத் தீவு நம் இஷ்டப்படி போவதில்லை. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து தனித்தனிப் பாதைகளாகக் கிளம்புகின்றன. மிக்கோனோஸ், நாக்சோஸ், சாண்டோரினி அடங்கிய சைக்ளடீஸ் தீவுக் கூட்டத்துக்கு ஒரு பாதை, கிரீட்டுக்கு ஒன்று, துருக்கிக் கரையை ஒட்டிய ரோட்ஸ் பக்கம் வேறொன்று. ஒரே பாதையில் உள்ள தீவுகளுக்குள் மாறுவது சுலபம். பாதை விட்டுப் பாதை தாவினால் பெரும்பாலும் திரும்ப ஏதென்ஸ் வந்துதான் போக வேண்டும். பிரேயஸிலிருந்து கிரீட்டின் ஹெராக்ளியோனுக்கு ஒரு முழு இரவுக் கப்பல். ரோட்ஸுக்கு அதைவிட அதிக நேரம். தவிர, ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், பெட்டிகளோடு காத்திருக்க வேண்டும், கப்பல் தாமதம், புது ஊரில் அறை தயாராகும்வரை மறுபடி காத்திருப்பு. ஐந்து பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி என்றால் அரை நாள் என்பது குறைந்த கணக்கு.

அதனால் என் யோசனை: பெருநிலத்தில் ஏதென்ஸும் டெல்ஃபியும், கடலில் நாக்சோஸும் சாண்டோரினியும். நாக்சோஸ் உங்கள் பட்டியலிலேயே இல்லை, தெரியும். மிக்கோனோஸை எடுத்துவிட்டு அதை வைக்கச் சொல்கிறேன், காரணம் கீழே. கிரீட்டையும் ரோட்ஸையும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

மே மாதம் என்பது நல்ல தேர்வு. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் கிரீஸ் சுற்ற ஏற்ற பருவமும் இப்படிப் பொருந்துவது அதிர்ஷ்டம்தான். ஜூலை, ஆகஸ்டில் ஏதென்ஸில் வெயில் 40 டிகிரியைத் தொடும். சமீபத்திய ஆண்டுகளின் வெப்ப அலை நாட்களில், குன்றின் மேலுள்ள பழைய கோயில் வளாகமான அக்ரோபோலிஸையே மதிய வேளையில் மூடியிருக்கிறார்கள். அந்த இரண்டு மாதங்களில் மெல்தேமி என்ற வடகாற்று ஏஜியனில் நாள்கணக்கில் வீசும். காற்றின் பலத்தை அளக்கும் போஃபோர்ட் அளவில் எட்டைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். வேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். மே மாதத்தில் இந்தத் தொல்லை குறைவு, அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே குறை, கடல் நீர் இன்னும் சூடேறியிருக்காது. மெரினாவில் கால் நனைத்த பிள்ளைகளுக்கு முதல் நிமிடம் அலறல் வரும், அப்புறம் பழகிவிடும்.

தேதி பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். மே 1 அன்று தொல்லியல் இடங்கள் எல்லாம் மூடியிருக்கும், கப்பல் பணியாளர்களும் அன்று வேலைநிறுத்தம் செய்வது வழக்கம். இரண்டாவது, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர். அது நம் நாட்காட்டியில் உள்ள ஈஸ்டரோடு எல்லா ஆண்டும் ஒத்துவராது. 2026-ல் ஏப்ரல் 12, 2027-ல் மே 2. அந்த வாரம் ஏதென்ஸ்காரர்கள் பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், கப்பலில் இடம் கிடைக்காது. ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் விட்டுப் போவது நல்லது.

நாட்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு இரவு ஏதென்ஸ், மூன்றாவது டெல்ஃபி, நான்காவது மறுபடி ஏதென்ஸ். ஐந்தாம் நாள் காலைக் கப்பலில் நாக்சோஸ் போய் அங்கே மூன்று இரவு. எட்டாம் நாள் சாண்டோரினி, இரண்டு இரவு. பத்தாம் நாள் காலை விமானத்தில் ஏதென்ஸ் திரும்பி, கடைசி இரவு அங்கே. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை எந்தத் தீவிலும் வைக்காதீர்கள். காற்றோ வேலைநிறுத்தமோ வந்து மாட்டிக்கொண்டால், தவறவிட்ட சர்வதேச டிக்கெட்டின் விலையில் ஏதென்ஸில் நல்ல ஹோட்டலில் பல நாள் தங்கியிருக்கலாம்.

ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள மக்ரியானி, கூகாகி பகுதிகளில் அறை பாருங்கள். தரை பெரும்பாலும் சமமாக இருக்கும், அருங்காட்சியகமும் குன்றும் நடக்கும் தூரம். பிளாக்கா அழகான பழைய பேட்டைதான், ஆனால் மேலே ஏற ஏறப் படிக்கட்டுகள் அதிகம்.

அக்ரோபோலிஸ் டிக்கெட் இப்போது 30 யூரோ. 2025 ஏப்ரலில் 20-லிருந்து ஏற்றினார்கள், பல இடங்களுக்குச் சேர்த்துக் கொடுத்து வந்த கூட்டு டிக்கெட்டையும் அப்போதே நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் அந்தக் கூட்டு டிக்கெட்டைப் பற்றி எழுதியிருப்பார்கள், நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, நேரம் குறித்தே டிக்கெட் விற்கிறார்கள். காலை 8 மணி நேரத்தை எடுங்கள். கிரேக்கக் கலாச்சார அமைச்சகத்தின் டிக்கெட் தளத்திலேயே வாங்கலாம். இடைத்தரகர் தளங்கள் அதே டிக்கெட்டோடு ஒரு ஒலி வழிகாட்டியைச் சேர்த்து இரட்டிப்பு விலை சொல்லும்.

மேலே கால் வைக்கும் பளிங்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு நடையில் கண்ணாடி மாதிரி தேய்ந்து போயிருக்கிறது. வெயிலடித்தாலும் வழுக்கும், தூறினால் கேட்கவே வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ எல்லாருக்கும் கட்டாயம். நடக்க முடியாதவர்களுக்காக வடக்குச் சரிவில் ஒரு லிஃப்ட் உண்டு. அம்மாவுக்கு அது தேவைப்பட்டால் முழங்கால் பற்றிய மருத்துவச் சான்று ஒன்றை ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் அந்த லிஃப்டும் ஓடாது.

அக்ரோபோலிஸின் முதன்மைக் கோயிலான பார்த்தினானைக் கட்டியது கி.மு. 447 முதல் 432 வரை. அது இடிந்து நிற்பதற்குக் காலத்தின் தேய்மானம் காரணமில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று சொல்லுங்கள். கோயிலாக, பிறகு தேவாலயமாக, பிறகு மசூதியாக இருந்து, 1687 வரை பெருமளவு முழுசாகத்தான் நின்றது. அந்த ஆண்டு நகரை முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு, அப்போது நகரை ஆண்ட துருக்கிய ஒட்டோமான்கள் உள்ளே சேமித்து வைத்திருந்த வெடிமருந்தின் மேல் விழுந்தது. நடுப்பகுதி ஒரே நொடியில் போயிற்று. மிச்சமிருந்த சிற்பங்களில் கணிசமானவற்றை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1816 முதல் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் கீழே அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்கு இறங்குங்கள். அதற்குத் தனி டிக்கெட். 2009-ல் திறந்த கட்டடம். மேல் தளம் பார்த்தினானின் அதே திசையில் திருப்பிக் கட்டப்பட்டிருக்கிறது, கண்ணாடிச் சுவர் வழியாக மேலே கோயில் தெரியும். கோயிலைச் சுற்றி ஓடிய சிற்ப வரிசையை அதே சுற்றில் பொருத்தியிருக்கிறார்கள். அசல் கல் தேன் நிறத்தில் இருக்கும், லண்டனில் இருப்பவற்றின் நகல்கள் வெள்ளைச் சுண்ணத்தில் இருக்கும். ஓர் ஊர்வலத்தின் நடுவே நிறம் திடீர் திடீரென்று மாறுவதைப் பார்த்தாலே, எது எங்கே போயிற்று என்பது ஒன்பது வயதுப் பையனுக்கும் புரிந்துவிடும். பார்த்தினானுக்குப் பக்கத்துக் கோயிலான எரெக்தியோனின் கூரையைத் தலையில் தாங்கி நின்ற ஆறு பெண் சிலைகளில் ஐந்து இங்கே இருக்கின்றன. ஆறாவது லண்டனில். அதன் இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள்.

இடிபாடுகள் விஷயத்தில் என் பொதுக் கருத்து ஒன்றுதான். அந்தந்த இடத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்த்துப் பார்க்க நேரமில்லை என்றால், அந்த இடத்துக்கே போக வேண்டாம். வெறும் அடித்தளக் கற்களை மணிக்கணக்கில் பார்த்தால் பெரியவர்களுக்கே அலுத்துவிடும். நான்கு இடத்தை இப்படி முழுசாகப் பார்ப்பது பத்து இடத்தின் கற்களைப் படம் எடுப்பதைவிட மேல்.

டெல்ஃபி இதற்கு நல்ல உதாரணம். ஏதென்ஸிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாரும் ஒரே நாளில் போய்த் திரும்புகிறார்கள், சுற்றுலாப் பேருந்துகள் பத்தரை, பதினொன்று வாக்கில் மொத்தமாக வந்து இறங்கும். அதனால்தான் ஓர் இரவு அங்கே தங்கச் சொல்கிறேன். முதல் நாள் மாலை டெல்ஃபி கிராமத்தில் தங்கி, மறுநாள் காலை திறந்தவுடன் உள்ளே போனால் அப்போலோ கோயில், அதற்கு மேலே அரங்கு, இன்னும் மேலே ஓட்டப்பந்தயத் திடல் என்று மலைச்சரிவு முழுக்க ஏறக்குறைய உங்களுக்கே. அம்மா கோயில்வரை மெதுவாக ஏறலாம், அதற்கு மேல் வேண்டாம். அருங்காட்சியகம் சமதளத்தில் பக்கத்திலேயே இருக்கிறது.

அங்கே ஒரு தனி அறையில் வெண்கலத் தேரோட்டி நிற்கிறான். கி.மு. 470-களை ஒட்டிய சிலை, ஏறக்குறைய ஆள் உயரம். தேரும் குதிரைகளும் சில துண்டுகளாகத்தான் மிஞ்சின. கிட்டப் போய் முகத்தைப் பாருங்கள். கண்கள் பதித்தவை, இமை முடிகள்கூடத் தனித்தனியாகச் செம்பில் இருக்கும். அந்தக் காலத்து வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவற்றைப் பின்னால் வந்தவர்கள் உருக்கிவிட்டார்கள். இவன் தப்பியதற்குக் காரணம் ஒரு நிலநடுக்கம். பாறையும் மண்ணும் சரிந்து மூடியதில் 1896-ல் தோண்டி எடுக்கும்வரை யார் கண்ணிலும் படவில்லை.

பேருந்து ஏதென்ஸின் லியோசியோன் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. ஐந்து பேர் என்பதால் ஓட்டுநரோடு ஒரு வேன் பேசினாலும் தலைக்கு மோசமாக வராது. இன்னொரு விஷயம்: கிரீஸில் சாதாரண டாக்சியில் நான்கு பயணிகளுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். “பையனை மடியில் வைத்துக்கொள்கிறோம்” என்பது அங்கே எடுபடாது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு டாக்சிக்கு நிலையான கட்டணம், பகலில் 40 யூரோ, நள்ளிரவுக்கு மேல் 55. உங்களுக்கு இரண்டு டாக்சி ஆகும். அல்லது முன்பதிவு வேன், அல்லது தலைக்கு 9 யூரோவில் மெட்ரோ. மெட்ரோவில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், விமான நிலையப் பாதையில் ஜேப்படிக்காரர்கள் மும்முரமாக இருப்பார்கள்.

சரி, கப்பல். இரண்டு வகை உண்டு: பெரிய மெதுவான கப்பல், சின்ன வேகப் படகு. வேகப் படகு விலை கூடுதல், அலையில் குலுக்கும், வெளித்தளத்தில் நிற்கவும் முடியாது. உங்களுக்குப் பெரிய கப்பல்தான். காலை ஏழரை மணி வாக்கில் பிரேயஸில் கிளம்பி, வழியில் பாரோஸைத் தொட்டு, ஐந்து ஐந்தரை மணி நேரத்தில் நாக்சோஸ் சேரும். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். அதே வழித்தடத்தில் போகும் கப்பல்தான் பிறகு சாண்டோரினிக்கும் போகிறது, இரண்டு மணி நேரச் சொச்சம். நாக்சோஸை நான் தேர்ந்தெடுத்ததற்கு இந்த வழித்தடம் ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கப்பல்களில் ஏறி இறங்குவது முதல் முறை ஒரு மிரட்டல்தான். பின்பக்கம் ராட்சத இரும்புக் கதவு இறங்கும். லாரிகள், கார்கள், ஆட்கள் எல்லாருக்கும் அதே வழி. உள்ளே வாகனத் தளத்தில் தீவின் பெயர் எழுதிய அடுக்குகள் இருக்கும், பெட்டிகளை உங்கள் தீவின் அடுக்கில் வைத்துவிட்டு நகரும் படிக்கட்டில் மேலே போகலாம். இறங்கும்போது இரண்டு நிமிடம் நின்று போகும் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரிதான். அறிவிப்பு வந்தவுடன் கீழே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, புகையும் இயந்திரச் சத்தமுமாக இருக்கும் அந்தத் தளத்தில் நிற்க வேண்டும். கதவு திறந்ததும் கூட்டம் அப்படியே கரைக்குப் பாயும், பத்து நிமிடத்தில் கப்பல் கிளம்பிவிடும். அம்மாவை ஒருவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டி வாருங்கள். பெட்டிகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நாக்சோஸ் துறைமுகத்தில் இறங்கும்போதே இடப்பக்கம் ஒரு திட்டில் தனியாக நிற்கும் பளிங்கு வாசல் தெரியும். பெயர் போர்த்தாரா. கி.மு. 530 வாக்கில் லிக்தமிஸ் என்ற சர்வாதிகாரி தொடங்கிய கோயில், அவன் ஆட்சி கவிழ்ந்ததும் அப்படியே நின்றுபோனது. பின்னாளில் வெனிஸ்காரர்கள் மேலே கோட்டை கட்டுவதற்காக அதன் கற்களை எடுத்துக்கொண்டார்கள். வாசலின் கற்கள் மட்டும் ஒவ்வொன்றும் சுமார் இருபது டன் எடை, அசைக்க முடியவில்லை. சாண்டோரினியின் சூரிய அஸ்தமனத்துக்காக ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள். இந்த வாசல் வழியாகச் சூரியன் இறங்குவதை டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம்.

நாக்சோஸ் சைக்ளடீஸிலேயே பெரிய தீவு, விவசாயம் உள்ள ஊர். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கிரீஸ் முழுக்கப் பெயர் பெற்றவை. ஆயியோஸ் புரோகோபியோஸ், பிளாக்கா கடற்கரைகள் மணலும் ஆழமில்லாத நீருமாகப் பிள்ளைகளுக்குத் தோதானவை, ஊரிலிருந்து பேருந்து உண்டு. கார் எடுப்பதாக இருந்தால் இங்கே ஒரே ஒரு நாள் எடுங்கள். ஹால்கி, அபெராந்தோஸ் மலைக் கிராமங்கள் வழியாக வடக்கே அப்போலோனாஸ் வரை போங்கள். அங்கே ஒரு பழைய பளிங்குக் குவாரியில், செதுக்கி முடிக்காமல் விட்ட பத்து மீட்டருக்கும் மேலான ஆண் சிலை ஒன்று மல்லாந்து கிடக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதே இடத்தில். வேலியில்லை, காவலாளி இல்லை. காலிலிருந்து தலைவரை பிள்ளைகள் நடந்து அளக்கலாம்.

காருக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், இந்திய உரிமம் மட்டும் போதாது. வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்பே சொல்லி வையுங்கள், தீவுகளில் அவை குறைவு. நான்கு சக்கர மோட்டார் பைக்கை வாடகைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். குடும்பத்தோடு அதில் ஏறவே வேண்டாம், மலை வளைவுகளில் விபத்து சாதாரணம். ஏதென்ஸுக்குள் கார் தேவையே இல்லை.

இப்போது மிக்கோனோஸ். நல்ல தீவுதான், வெள்ளைச் சந்துகளும் காற்றாலைகளும் அழகு. ஆனால் அது இரவுக் கேளிக்கைக்காரர்களின் ஊர், விலையும் அப்படி. உங்கள் குடும்பத்துக்கு அங்கே உண்மையில் பார்க்க வேண்டியது எதிரே உள்ள டீலோஸ் தீவு. அதை நாக்சோஸிலிருந்தே ஒரு பகல் பயணமாகப் பார்க்கலாம். பருவம் தொடங்கியபின் டீலோஸையும் மிக்கோனோஸையும் ஒரே நாளில் காட்டித் திரும்பும் படகுகள் உண்டு. மிக்கோனோஸில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும், மகளின் படங்களுக்கு அது போதும்.

டீலோஸ் கிரேக்கத் தெய்வங்களான அப்போலோவும் ஆர்டெமிஸும் பிறந்த இடம் என்பது ஐதீகம். கி.மு. 426-ல் ஏதென்ஸ்காரர்கள் தீவைப் புனிதமாக்குகிறோம் என்று கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். இனி இங்கே யாரும் பிறக்கக் கூடாது, இறக்கக் கூடாது என்றும் விதித்தார்கள். பிரசவ வலி வந்தாலும் படகில் ஏற்றிவிடுவார்கள். இவ்வளவு புனிதம் பேசிய தீவை கி.மு. 166-ல் ரோமானியர்கள் வரியில்லாத் துறைமுகம் ஆக்க, அது மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்றானது. அந்தப் பணத்தில் கட்டிய வீடுகளின் தரையில்தான் நாம் இன்று வாய் பிளந்து பார்க்கும் வண்ணக் கல் ஓவியங்கள் இருக்கின்றன. வழிகாட்டிகள் சிங்கச் சிலைகளின் முன் ரொம்ப நேரம் நிற்க வைப்பார்கள், நீங்கள் அந்த வீடுகளில் நேரம் செலவிடுங்கள். இன்று அங்கே சுற்றுலாப் பயணிகள் இரவு தங்க அனுமதியில்லை. நிழலும் இல்லை. தொப்பி, தண்ணீர் கொண்டுபோங்கள். அம்மா அன்றைக்கு நாக்சோஸில் ஓய்வெடுக்கலாம்.

சாண்டோரினிக்கு இரண்டு இரவு போதும். அதற்கு மேல் தங்கினால் விலைதான் வலிக்கும். எரிமலை வாயைப் பார்த்த பாறை விளிம்பு அறைகள் படத்தில் சொர்க்கம், அம்மாவுக்கு நரகம். பல ஹோட்டல்களில் அறைக்குப் போக ஐம்பது அறுபது படி இறங்க வேண்டும். கமாரி கடற்கரைப் பக்கமோ பிர்கோஸ் கிராமத்தின் கீழ்ப்பகுதியிலோ சமதளத்தில் அறை எடுத்து, விளிம்புக்கு மாலையில் போய்வாருங்கள். தீவின் வடமுனைக் கிராமமான ஓயாவில் அஸ்தமன நேரத்துக்கு நெரிசல் அதிகம். ஓயாவைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள், சந்துகள் காலியாக இருக்கும். பழைய துறைமுகத்திலிருந்து தீவின் முக்கிய ஊரான ஃபிராவுக்கு ஏற்றும் கழுதைச் சவாரி வேண்டாம், விலங்குகள் படும் பாடு பார்க்கச் சகிக்காது. கேபிள் கார் இருக்கிறது.

2025 ஜனவரி இறுதியிலிருந்து சில வாரங்கள் அங்கே தொடர் நிலநடுக்கங்கள் வந்து, ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறியது செய்திகளில் வந்தது. பிறகு அடங்கிவிட்டது. எரிமலைத் தீவுதான் என்பதால், கிளம்பும் முன் ஒருமுறை செய்தி பார்த்துக்கொள்வது நல்லது.

சாண்டோரினியில் தவறவிடக் கூடாதது அக்ரோதிரி. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். 1967-ல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாதோஸ் தோண்டத் தொடங்கினார், 1974-ல் அந்த இடத்திலேயே இறந்தார். முழுவதும் கூரை வேய்ந்து, நடைபாதை போட்டிருக்கிறார்கள். வெயில் இல்லை, ஏற்றம் இல்லை. உங்கள் பயணத்திலேயே அம்மாவுக்கு மிக வசதியான இடிபாடு இதுதான். இரண்டு மூன்று மாடி வீடுகள், கல் சட்டமிட்ட சன்னல்கள், வாசலில் வரிசையாகப் பெரிய தாழிகள். மேற்கு வீடு என்று அழைக்கப்படும் வீட்டின் மாடியில் ஒரு கழிப்பறை இருக்கிறது. அதிலிருந்து களிமண் குழாய் சுவருக்குள் இறங்கித் தெருவுக்கு அடியில் ஓடும் சாக்கடையில் சேர்கிறது. இதேபோல் எரிமலையில் புதைந்த இத்தாலியின் பொம்பெய் நகரில் இருப்பதுபோல் மனித உடல்கள் இங்கே கிடைக்கவில்லை. முன்னதாக வந்த நிலநடுக்கங்களைப் பார்த்து ஊரே கிளம்பிவிட்டதாகக் கருதுகிறார்கள்.

அந்த வீடுகளின் சுவரோவியங்களில் சில ஃபிராவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குத்துச்சண்டை போடும் சிறுவர்கள், சிவப்புப் பாறைகளில் லில்லிப் பூக்களோடு குருவிகள் பறக்கும் வசந்தகால அறை போன்ற பெயர் பெற்றவை ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். அதனால்தான் அந்த அருங்காட்சியகத்தைக் ஏதென்ஸ் திரும்பும் கடைசி நாளுக்கு ஒதுக்கச் சொல்கிறேன். காலியான சுவரைப் பார்த்துவிட்டுப் போனால் ஓவியம் வேறு மாதிரி தெரியும். பையனுக்கு அங்கே இன்னொரு தீனி, ஆன்டிகிதீரா இயந்திரம். கோள்களின் நகர்வையும் கிரகணங்களையும் கணிக்கப் பல்சக்கரங்களால் செய்த கருவி, 1901-ல் மூழ்கிய கப்பலில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் இந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும், நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், கவனம் வேண்டும். கிரேக்கர்களின் மதத்தில் நோன்பு நாட்கள் ஏராளம், அதனால் இறைச்சி, பால், முட்டை சேராத சமையல் அவர்களுக்குப் பழக்கமானது. ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த வெண்டைக்காய், கத்திரிக்காய், பச்சைப் பீன்ஸ் குழம்புகள், தக்காளிச் சாற்றில் சுட்ட பெரிய வெள்ளைப் பயறு, சாண்டோரினியின் மஞ்சள் பருப்பு மசியல், அரிசி அடைத்த தக்காளி, கொண்டைக்கடலைக் கறி என்று அம்மா நிம்மதியாகச் சாப்பிடலாம். இரண்டு பொறிகள் உண்டு. நோன்பு உணவில் இறால், கணவாய், ஆக்டோபஸ் அனுமதிக்கப்பட்டவை, ஆகவே நோன்பு உணவு என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். கீரை, பாலாடைக்கட்டி அடைத்துச் சுடும் பை (pie) பலகாரங்களில் பெரும்பாலும் முட்டை இருக்கும். “ஹோரிஸ் க்ரேயஸ், ஹோரிஸ் ப்ஸாரி, ஹோரிஸ் அவ்கோ” என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் என்று பொருள். ஒரு தாளில் கிரேக்க எழுத்திலும் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். இரவுச் சாப்பாடு அங்கே ஒன்பது மணிக்குத்தான் சூடு பிடிக்கும். ஏழு மணிக்கே போனால் கடை காலியாக இருக்கும், ஆனால் கொடுப்பார்கள்.

ஏதென்ஸில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், சாண்டோரினியில் பாட்டில்தான். பழைய கட்டடங்களின் கழிவுக் குழாய்கள் குறுகலானவை, அதனால் காகிதத்தைக் கழிப்பறைக் கோப்பையில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடச் சொல்லி எழுதியிருப்பார்கள். மதியுங்கள், அடைத்துக்கொண்டால் தீவில் ஆள் கிடைக்காது. தண்ணீர்ப் பீச்சான் இருக்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் சொம்பு பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் போடும்போது ஹோட்டல் வாடகைக்கு மேல் வரும் வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர ஹோட்டலில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. முன்பதிவுத் தளத்தில் காட்டும் தொகையில் பெரும்பாலும் இது இருக்காது, வரவேற்பு மேசையில் கேட்பார்கள்.

விசாதான் முதல் வேலை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக் கூட்டத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் ஜனவரி இறுதி, பிப்ரவரிக்குள் கொடுத்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. மகளுக்கு முழுக் கட்டணம், மகனுக்குப் பாதி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அம்மாவின் வயதுக்குப் பிரீமியம் கூடும், பழைய நோய்களை மறைக்காமல் எழுதி எடுங்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள். வந்தபின் முதலில் சாண்டோரினி–ஏதென்ஸ் உள்நாட்டு விமானம், அது சீக்கிரம் விலை ஏறும். அடுத்து கப்பல், பிறகு அக்ரோபோலிஸ் நேரம். டீலோஸ் படகை மட்டும் முன்பே கட்ட வேண்டாம், நாக்சோஸில் இறங்கிக் காற்றைப் பார்த்துவிட்டுத் துறைமுகக் கடையில் வாங்கலாம்.

தீவு மாறும் அலைச்சலே வேண்டாம் என்று வீட்டில் முடிவானால், நாக்சோஸ், சாண்டோரினி இரண்டையும் எடுத்துவிட்டு ஐந்து இரவையும் கிரீட்டுக்கே கொடுங்கள். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஹெராக்ளியோன். பழங்கால நோசோஸ் அரண்மனை அங்கிருந்து 5 கிலோமீட்டர். அதில் சிவப்புத் தூண்களோடு நிற்பதெல்லாம் 1900-க்குப் பிறகு அதைத் தோண்டிய ஆர்தர் எவன்ஸ் தன் ஊகத்தில் கான்கிரீட்டால் எழுப்பியவை என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பாருங்கள். அசல் பொருட்கள் ஊருக்குள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டு இரவு அங்கே, மூன்று இரவு மேற்கே ஹானியாவில். அப்படிப் போனால் கார் ஐந்து நாளும் தேவைப்படும்.